சரக்கில் என்ன இருக்கிறது

ஜேக்கப் லீ சரக்குக் கப்பல் ஓட்டுபவன். 2320ஆம் ஆண்டு. வியாழன் கோளின் நிலவுகளுக்கிடையே ஒரு கம்பெனிக்காகப் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவன் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் கூலி. ஒரு நடையில், கப்பலுக்குள் ஆயுதத்தோடு ஆட்கள் ஏறுகிறார்கள். கப்பல் கலிஸ்டோ என்ற நிலவில் விழுந்து நொறுங்குகிறது. கூடவந்த கூட்டாளி செத்துப்போகிறான். மீட்க வந்த காவலர்கள், விசாரணை எதுவும் இல்லாமல், ஜேக்கப்பை அங்கேயுள்ள பிளாக் அயர்ன் சிறையில் தள்ளிப் பிடரியில் ஒரு கருவியைப் பொருத்திவிடுகிறார்கள். கண் விழித்துப் பார்த்தால் சிறை முழுக்க நோய். கைதிகளும் காவலர்களும் உருச்சிதைந்து திரிகிறார்கள். 'தி கலிஸ்டோ புரோட்டோகால்' என்ற வீடியோ கேம் இப்படித் தொடங்குகிறது. வெளியான நாள் 2022 டிசம்பர் 2.

இதைவிடக் கூர்மையான தொடக்கம் திகில் விளையாட்டுகளில் அதிகம் இல்லை என்று நினைக்கிறேன். கூலிக்கு நடை அடிக்கும் ஒருவன், தான் சுமப்பது என்னவென்றே தெரியாமல், அந்தச் சரக்கின் விளைவுக்குள்ளேயே போய் விழுகிறான். இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போயிருக்கலாம். போகவில்லை. வெளியான அன்று கணினிகளில் படம் திக்கித் திக்கி ஓடியது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் பணம் கொடுத்து வாங்கியவர்கள் கோபத்தோடு எழுதித் தள்ளினார்கள். விமர்சகர்கள் நூற்றுக்கு எழுபதை ஒட்டி நிறுத்தினார்கள். தாய்க் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. சுமார் 16 கோடி டாலர் செலவு, 50 லட்சம் பிரதி விற்கும் என்ற எதிர்பார்ப்பு என்றெல்லாம் கொரியப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. 20 லட்சத்தைத் தொடுவதே கடினம் என்று சந்தையைக் கணிப்பவர்கள் சொன்னார்கள்.

அந்தத் தாய்க் கம்பெனியின் பெயர் கிராஃப்டன். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் எங்கள் ஊரான பிள்ளைப்பாக்கத்தில் அந்தப் பெயரைத் தெரிந்தவர்கள் அரிது. ஆனால் பப்ஜியைத் தெரியாதவர் இல்லை. பப்ஜியைச் செய்தவர்கள்தான் கிராஃப்டன். 2020 செப்டம்பரில் இந்திய அரசு தடை செய்து, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்து, 2022 ஜூலையில் மறுபடி காணாமல்போய், 2023 மே மாதத்தில் மறுபடி தலைகாட்டிய அதே விளையாட்டு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தலை சாய்க்கும் பையன்கள் கையில் இதுதான் ஓடுகிறது. ஓர் அறையில் நான்கைந்து பேராகத் தங்கியிருக்கும் வீடுகளில், பாயில் கால் நீட்டியபடி, நள்ளிரவுக்கு மேலும் இதுதான்.   ஆக, பையன்கள் பப்ஜியில் விட்ட காசும் தூக்கமும் எங்கோ ஒரு மூலையில் கலிஸ்டோவைக் கட்டுவதற்குப் போயிருக்கின்றன. முதலில் இது பப்ஜியின் கதை உலகத்துக்குள்ளேயே, முந்நூறு ஆண்டுகள் கழித்து நடப்பதாகத்தான் திட்டமிடப்பட்டது. பிறகு 2022இல் அந்த ஒட்டை வெட்டிவிட்டார்கள்.

கட்டும் பொறுப்பு கிளென் ஸ்கோஃபீல்டிடம் போனது. 2008இல் வந்த 'டெட் ஸ்பேஸ்' விளையாட்டை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். திகில் விளையாட்டை விரும்பும் எவரும் மரியாதையோடு சொல்லும் பெயர். 2019இல் கலிஃபோர்னியாவின் சான் ரமோனில் ஸ்ட்ரைக்கிங் டிஸ்டன்ஸ் என்ற ஸ்டுடியோவை அவருக்காகவே அமைத்துக்கொடுத்தார்கள். திகிலை நாங்கள் இன்ஜினியரிங் செய்கிறோம் என்று அவர் பேட்டிகளில் விளக்கினார். பதற்றம், கொடூரம், கையறுநிலை என்று பயத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எவ்வளவு சேர்ப்பது என்று கணக்குப் பார்ப்பது அவருடைய முறை.

2022 செப்டம்பரில், வெளியீட்டுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, அவர் ட்விட்டரில் ஒன்று எழுதினார். வாரத்துக்கு ஆறேழு நாள் வேலை செய்கிறோம், நாளுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து மணி நேரம், சாப்பிட்டுக்கொண்டே வேலை, களைப்பு, கொரோனா, எல்லாவற்றுக்கும் நடுவில் வேலை. யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, பிடித்திருப்பதால் செய்கிறோம் என்பது அதன் சாரம். பெருமையாகத்தான் எழுதினார். கண்டனம் கிளம்பியதும் அதை நீக்கிவிட்டு, தன் குழுவிடம் மன்னிப்புக் கேட்டார்.

யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்ற அந்த வரி ஏழு மாதம் கழித்து எங்கள் பக்கத்தில் ஒலித்தது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, விருப்பப்படும் தொழிலாளர்களுக்கு மட்டும்தான் என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெற்றார். அந்தப் பத்து நாளும் ஒரகடம் டீக்கடைகளில் பேச்சு இதைப் பற்றித்தான். ஒரு லைனில் முப்பது பேர் நிற்கிறார்கள். சூப்பர்வைசர் வந்து இன்றைக்கு ஓ.டி. யாருக்கெல்லாம் விருப்பம் என்று கேட்கிறார். அடுத்த மாதம் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டியவன் கையைத் தூக்காமல் இருப்பானா? சான் ரமோனில் உட்கார்ந்து ஒரு ராட்சதனின் தோலுக்கு மினுமினுப்பு ஏற்றிய பெண்ணுக்கும் இதே கேள்வி வந்திருக்கும். அவளுக்குச் சம்பளம் கூடுதல், ஏசி அறை, நல்ல நாற்காலி. கேள்வி ஒன்றேதான்.

விளையாட்டுக்கு வருகிறேன். எங்கள் மாடியறையில் குடியிருக்கும் தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவர், பழைய லேப்டாப் ஒன்றில் இதைத் தள்ளுபடியில் வாங்கி ஆடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும், இடையிடையே கன்ட்ரோலரை வாங்கி ஆடியும்தான் இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டானது.

முதல் அரை மணி நேரம் வாயடைத்துப் போனேன். ஒலி அப்படி. எங்கோ குழாயில் நீர் சொட்டுகிறது, சுவருக்குப் பின்னால் எதுவோ உரசிக்கொண்டு போகிறது, ஜேக்கப்பின் மூச்சு நம் காதுக்குள் கேட்கிறது. திரையில் உயிர் அளவைக் காட்டும் பட்டை கிடையாது. அவன் பிடரியில் பதித்த கருவியின் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சிவப்பாகும். அதைப் பார்த்துத்தான் அவன் எவ்வளவு அடிபட்டிருக்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கியில் எத்தனை தோட்டா மிச்சம் என்பது துப்பாக்கி மேலேயே ஒளிரும். கைதியின் உடம்பையே கணக்குப் பலகையாக ஆக்கிவிட்ட சிறை அது. சொல்லாமல் சொல்லும் நல்ல வேலைப்பாடு. சுவரில் படிந்த ஈரம், வியர்வை, முகத்தில் ரத்தம் உறையும் விதம் என்று ஒவ்வொன்றிலும் ஒருவர் கண்விழித்து உழைத்திருப்பது தெரிகிறது.

பிறகு சண்டை. நோயாளி ஒருவன் கை ஓங்கி வருகிறான். கன்ட்ரோலரின் இடது குமிழை இடது பக்கம் பிடித்துக்கொண்டால் ஜேக்கப் விலகிக்கொள்வான். அடுத்த அடிக்கு வலது பக்கம். அதற்கடுத்து இடது. எந்த நொடியில் விலக வேண்டும் என்று கணிக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே பிடித்துக்கொண்டு நின்றாலே போதும். அவன் ஓய்ந்ததும் தடியால் நாலு அடி, ஒரு குறி தெரியும், அங்கே ஒரு தோட்டா. சில சமயம் அடிபட்டு விழுந்தவன் வயிற்றிலிருந்து கொடிபோல ஏதோ முளைக்கும். அதைச் சுடாவிட்டால் அவன் இன்னும் பலசாலியாக எழுந்துவருவான். ஈர்ப்புக் கையுறை ஒன்று உண்டு. அதைக்கொண்டு ஆளைத் தூக்கி முட்கள் பதித்த சுவரில் எறியலாம். ஒருவன் வந்தால் இந்த முறை பிரமாதமாக இருக்கிறது. இருவர் மூவராக வந்தால் குழம்பிவிடுகிறது, பின்னாலிருந்து வருபவனைப் பார்க்க வழியில்லை. இரண்டு தலை ராட்சதன் ஒருவன் முதலில் வரும்போது மிரட்டுகிறான். அவனே மறுபடி மறுபடி வரும்போது, அவன் வருகையை முன்பே அறிந்து தோட்டா சேர்த்துவைக்கத் தொடங்கிவிடுகிறோம். செத்தால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். அங்கே ஆயுதத்தைச் சீர்செய்யும் இயந்திரத்தில் வாங்கியதையெல்லாம் மறுபடி வாங்க வேண்டும்.

மூன்றாவது ஞாயிறோ என்னவோ, தம்பி கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இதுல பயம்னு ஒண்ணுமே இல்லண்ணே. லைன்ல நிக்க மாரியே இருக்கு. இடது, வலது, இடது, வலது. தலைய வேற எங்கயாச்சும் வச்சுக்கிடலாம்."

வெளிநாட்டு விமர்சனங்கள் பலவற்றைப் படித்தேன். இவ்வளவு துல்லியமாக எவரும் சொல்லவில்லை. பயம் வருவதற்கு நம் தலை அங்கேயே இருக்க வேண்டும். அடுத்த மூலையில் என்ன என்று நாமே கற்பனை செய்யும் அந்த இடைவெளியில்தான் பயம் முளைக்கிறது. பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் இரவு நடந்தவர்களுக்கு இது தெரியும். அங்கே எதுவும் வருவதில்லை. வராமலிருப்பதுதான் பாதிப் பயம். கலிஸ்டோவில் அந்த வெற்றிடம் இல்லை. மூலைக்கு மூலை ஒருவன் பாய்கிறான். நாம் மெதுவாக ஊர்ந்துபோகும் குறுகலான சந்துகள் நிறைய உண்டு. அவை பயத்துக்காக வைத்தவை என்று முதலில் நினைத்தேன். அடுத்த பகுதியைக் கணினி நினைவில் ஏற்றிக்கொள்ள வாங்கும் நேரம் அது என்பது, எல்லாச் சந்திலும் ஒன்றும் நடக்காமல் போனபோதுதான் புரிந்தது.

இப்படி வெற்றிடமே இல்லாமல் போனதை அளவுக்கு மீறிய உழைப்பின் விளைவாகவே பார்க்கிறேன். இது என் ஊகம்தான், ஆனால் உறுதியான ஊகம். களைத்த குழு எதையாவது சேர்த்துக்கொண்டே போகும். எடுத்துவிடலாமா, இங்கே ஒன்றும் இல்லாமல் இருக்கட்டுமா என்று யோசிப்பதற்கு நிதானம் வேண்டும். பதினைந்து மணி நேரம் விழித்திருக்கும் கண்ணுக்கு வெற்றிடம் என்பது முடிக்காத வேலையாகத்தான் தெரியும்.

சாவையும் அப்படித்தான் நிரப்பியிருக்கிறார்கள். ஜேக்கப் சாகும் விதங்களுக்கு எத்தனை காட்சிகள்! தலை நசுங்குகிறது, கை பிய்கிறது, கண் பிதுங்குகிறது.  முதல் தடவை குலை நடுங்குகிறது, மூன்றாம் தடவை டீ எடுக்கப் போகிறோம். ஜப்பானில் தணிக்கை அமைப்பு கேட்ட மாற்றங்களைச் செய்ய மறுத்ததால் அங்கே விளையாட்டு வெளியாகவே இல்லை. கூடுதல் காசு கொடுத்து வாங்கும் சீசன் பாஸில் புதிய சாவுக் காட்சிகள் கிடைக்கும் என்று வேறு விளம்பரம் வந்தது. கோபம் எழுந்தபோது, அவற்றைச் செய்யத் தொடங்கவே இல்லை, விளையாட்டு முடிந்த பிறகுதான் செய்வோம் என்று ஸ்கோஃபீல்ட் விளக்கம் தந்தார்.

இந்த இடத்தில் தமிழில் வந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2019இல் அஷ்வின் சரவணன் எடுத்த 'கேம் ஓவர்' படம். டாப்சி நடித்த ஸ்வப்னா வீடியோ கேம் வடிவமைப்பவள், இருட்டைக் கண்டால் நடுங்குபவள், சக்கர நாற்காலியில் இருப்பவள். கையில் குத்திய பச்சை மூன்று உயிர்களின் கணக்காக மாறுகிறது. கொலைகாரர்கள் வீட்டுக்குள் நுழைகிறார்கள், அவள் சாகிறாள், அதே இரவுக்குள் மறுபடி விழிக்கிறாள். ஒவ்வொரு சாவிலிருந்தும் அவள் ஏதோ ஒன்றைத் தெரிந்துகொண்டு எழுகிறாள். விளையாட்டில் செத்துப் பிழைப்பதன் பொருளை, கோடிக்கணக்கான டாலர் கொட்டிய கலிஸ்டோவைவிட இந்தச் சிறிய படம் ஆழமாகப் பிடித்திருக்கிறது. ஸ்வப்னாவுக்கு மூன்று உயிர்தான். ஜேக்கப்புக்குக் கணக்கே இல்லை. அதனால் அவன் சாவுக்கு எடையும் இல்லை.

கலிஸ்டோவின் உண்மையான திகில் கடைசி ஒரு மணி நேரத்தில் வருகிறது. டானி என்ற பெண், ஜேக்கப்பின் கப்பலுக்குள் ஆயுதத்தோடு ஏறியவள், யூரோப்பா நிலவில் நோய் பரவியபோது தன் சகோதரியை இழந்தவள். அவளுடைய நினைவுகள் பிடரிக் கருவி வழியாக ஜேக்கப்புக்குள் பாய்கின்றன. அந்த ஊர் அழிந்ததற்கும் தன் கப்பலின் சரக்குக்கும் உள்ள தொடர்பு அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. உருச்சிதைந்த நோயாளிகள் எவருமே தராத நடுக்கத்தை அந்தச் சில நிமிடங்கள் தந்தன. எட்டு மணி நேரம் இடதும் வலதுமாக விலகியது எல்லாம் இதற்கு வெளியே நடந்த வேலை. விளையாட்டே இதைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டும். பெட்டியை ஏற்றுவதில் தொடங்கி, சந்தேகப்படுவதா பேசாமலிருப்பதா என்று ஒவ்வொரு நடையிலும் நம்மையே முடிவெடுக்க வைத்து, பிறகு அந்தச் சிறைக்குள் தள்ளியிருந்தால், எந்த மூலையிலும் எவனும் பாய வேண்டிய தேவையே இருந்திருக்காது.

தம்பி வேலை பார்ப்பது உதிரிபாகம் செய்யும் ஓர் இடத்தில், க்யூ.சி.யில். உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் இரும்புத் துண்டு. இரண்டு துளை, ஒரு வளைவு. டிரேயிலிருந்து எடுத்து, கேஜில் பொருத்தி, விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவி, நல்லதென்றால் நீலப் பெட்டி, இல்லையென்றால் சிவப்புப் பெட்டி. அவருடைய வலது கட்டைவிரலின் ஓரம் காய்ப்பேறி மழமழவென்று இருக்கிறது. அது எந்த வண்டியில் எங்கே போய் உட்காரும் என்று கேட்டேன். "பார்ட் நம்பர் தெரியும்ணே. மத்தது தெரியாது" என்றார். இரண்டு வருடமாகத் தடவுகிறார்.

வீடியோ கேம் உலகமும் இப்படிப் பிரிந்து கிடப்பதுதான். பெங்களூருவில் 1997இல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், பல ஆண்டுகள் வெளிநாட்டு விளையாட்டுகளுக்குக் கார்களையும் கட்டடங்களையும் வரைந்து கொடுத்தது. 2019இல் அதை ராக்ஸ்டார் வாங்கிக்கொண்டது. ஒருவர் கதவை வரைவார், இன்னொருவர் கதவின் துருவை வரைவார். அந்தக் கதவுக்குப் பின்னால் கதையில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குச் சொல்லப்படாமலே போகலாம்.

2023 ஜூனில் 'ஃபைனல் டிரான்ஸ்மிஷன்' என்ற கூடுதல் அத்தியாயம் வந்தது. ஜேக்கப் மறுபடி எழுகிறான், சுத்தியலால் அடித்து நொறுக்கிக்கொண்டு முன்னேறுகிறான். கடைசியில், அதெல்லாம் சாகும் மூளையின் பிரமை என்று தெரிகிறது. உடல் சிதைந்து கிடக்கும் அவன் தலையிலிருந்து டாக்டர் மாலர் என்ற பெண் தகவலை உறிஞ்சி வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஆடியவர்களில் பலர் கொந்தளித்தார்கள். தம்பிக்கும் கோபம். "அவ்ளோ கஷ்டப்பட்டு அடிச்சதெல்லாம் பொய்யாண்ணே?" என்றார். எனக்கு அது நேர்மையான முடிவாகப் பட்டது. கம்பெனிக்காகக் கண்ணை மூடிக்கொண்டு சுமந்தவனிடமிருந்து, கடைசி மூச்சு வரை எடுக்க முடிந்ததை எடுக்கிறார்கள். ஆனால் இந்த முறை எடுப்பது அந்தக் குற்றத்துக்கான சான்றை. நெடுநேரம் வாதாடினோம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

கலிஸ்டோ வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 2023 ஜனவரி 27 அன்று, 'டெட் ஸ்பேஸ்' புதிதாகச் செய்யப்பட்டு வெளியானது. மான்ட்ரியலில் வேறொரு குழு செய்தது. ஸ்கோஃபீல்டின் பழைய விளையாட்டு, அவர் கை படாமலேயே, எல்லோராலும் கொண்டாடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் தன் ஸ்டுடியோவை விட்டு விலகினார். அதற்கு முந்தைய மாதம் அங்கே முப்பதுக்கு மேற்பட்டவர்களை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள்.

இன்னொரு செய்தியும் 2023 ஜனவரியில்தான் வந்தது. கலிஸ்டோவில் உழைத்த சுமார் இருபது பேரின் பெயர், விளையாட்டின் முடிவில் ஓடும் பட்டியலில் இல்லை. வெளியீட்டுக்கு முன்பே ஸ்டுடியோவை விட்டுப் போனவர்கள் அவர்கள். சிலர் ஓராண்டுக்கு மேல் அங்கே இருந்தவர்கள். அந்தத் துறையில் அந்தப் பட்டியல்தான் அடுத்த வேலைக்கான சான்று. அதில் பெயர் இல்லையென்றால் உழைத்த ஆண்டுகளை வாயால்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். இதைத் தம்பியிடம் சொன்னேன். அவர் மொபைலைத் திறந்து, முந்தைய இடத்தில் வாங்கிய அனுபவச் சான்றிதழின் படத்தைக் காட்டினார். அவர் நின்று வேலை பார்த்த தொழிற்சாலையின் பெயரே அதில் இல்லை. தலைப்பில் கான்ட்ராக்டர் கம்பெனியின் பெயர், கீழே சேர்ந்த தேதி, விலகிய தேதி. வேலை என்ற இடத்தில் 'ஹெல்ப்பர்' என்று போட்டிருந்தது. அவர் அங்கே இயக்கியது ஒரு பிரஸ் மெஷினை.